ஒரே ஊசியில் இரண்டு வண்டுகள்

பல் டாக்டருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் முப்பத்திரண்டு வருடங்களாக ஆகாது. இத்தனைக்கும் இருவரும் சம்பந்திகள். டாக்டரின் ஒரே மகளை மாஸ்டரின் மூத்த மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. நல்லது கெட்டது எதுவானாலும் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை கழுவுவதற்குள் வண்டுப் பேச்சு வந்துவிடும். அது வந்ததுமே இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்கள்.

இருவருமே வண்டு சேர்ப்பவர்கள். அதிலும் ஒரே வகை: பெரும்பாலும் உடம்பைவிட உணர்கொம்பு நீளமாக இருக்கும் நீள்கொம்பு வண்டுகள். டாக்டர் பகல் ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விறகுக்கடை, மரக்கடை, சாலையோரம் வெட்டிப் போட்ட மரம் என்று தேடிப் போவார். பல் இடுக்கைச் சுரண்டும் கொக்கியாலேயே வண்டின் ஆறு கால்களையும் அளவெடுத்தாற்போல விரித்து வைப்பார். மாஸ்டர் இரவுப் பணிக்காரர். ரயில் இல்லாத நேரத்தில் பிளாட்ஃபார விளக்குகளுக்கு அடியில் வந்து விழுவதைப் பொறுக்கி, சட்டைப் பையில் இருக்கும் மாத்திரைக் குப்பியில் போட்டுக்கொள்வார். கேட்டால், "டிக்கெட் இல்லாம வந்த பயணிங்க. பிடிச்சு உள்ள வைக்கிறேன்" என்பார்.

ஊரில் பூச்சி சேர்ப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. மாதம் ஒருமுறை நூலகத்தின் மாடியில் கூடுவார்கள். அந்தக் கூட்டம் ஒன்றில்தான் வினை ஆரம்பித்தது. டாக்டர் ஒரு வண்டைக் கொண்டுவந்தார்: குட்டைக் கொம்பு, கன்னங்கரிய உடம்பு, முதுகில் இரண்டு மஞ்சள் பட்டைகள். இது உலகத்துக்கே புதிய இனம் என்றார். அதே கூட்டத்துக்கு மாஸ்டரும் ஒரு வண்டைக் கொண்டுவந்திருந்தார். பழுப்பு நிறம், மெல்லிய உடல், உடம்பைப்போல இரண்டு மடங்கு கொம்பு. இதுதான் புதிய இனம், டாக்டருடையது ஏதோ பழைய வண்டு வெயிலில் கறுத்துப் போனது என்றார். "உங்களோடது எண்ணெய் விளக்குல விழுந்து வெந்தது" என்றார் டாக்டர்.

புதிய இனத்துக்கு வைக்கும் பெயருக்குப் பின்னால், அதை முதலில் எழுதி அச்சிட்டவரின் பெயரும் காலகாலத்துக்கும் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் இருவருமே ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டுரை எழுதி, சங்கத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். பத்திரிகையைப் பார்த்துக்கொண்ட மருந்துக் கடைக்காரர் பயந்த சுபாவம். யாருடையதை முதலில் போட்டாலும் மற்றவர் கடைக்கு வந்து சத்தம் போடுவார் என்று இரண்டையும் ஒரே இதழில் போட்டுத் தலை தப்பினார்.

அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்ற பிள்ளைகள்தான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண் கேட்டு வந்தபோது டாக்டர் சொன்னது இரண்டு குடும்பத்திலும் இன்றைக்கும் வழங்கும் கதை: "பையன் தங்கமான பையன். ஆனா அவங்க அப்பா லேபிள்ல தேதி ஒழுங்கா எழுத மாட்டார். அதான் யோசனையா இருக்கு."

மகளுக்கு வீட்டில் பட்டு என்று பெயர். பட்டுப்பூச்சியிலிருந்து அப்பா எடுத்து வைத்தது. அவள் படித்ததும் பூச்சிதான். படித்து முடித்து ஊரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவுக்குக் காப்பாளரானாள். கணவன் கணக்கு வாத்தியார். பூச்சி என்றாலே நாலடி தள்ளி நிற்பவன். "அப்பா, மாமனார், பொண்டாட்டி மூணு பேரும் ஒரு கட்சி. நான் மட்டும் மனுஷன்" என்பான்.

இரண்டு பெரியவர்களும் தங்கள் சேகரிப்பை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஒரே வருடத்தில் முடிவு செய்தார்கள். தாங்களாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பட்டுவின் அம்மா ஒருநாள் பாச்சா உருண்டை நெடியில் தும்மித் தும்மி, "ஒண்ணு இந்த வீட்ல நான் இருக்கணும், இல்ல இந்தப் பெட்டிங்க இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். செய்தி போன வேகத்தில் பட்டுவின் மாமியாரான அத்தையும் அதையே வார்த்தை மாறாமல் மாஸ்டர் மாமாவிடம் சொன்னாள்.

கொடுக்கும்போது இருவரும் ஒரே நிபந்தனை போட்டார்கள். தன் பெட்டிகள் தனி அலமாரியில் இருக்கவேண்டும்.

"முடியாதுப்பா" என்றாள் பட்டு. "மியூசியத்துல ஆள் வாரியா வைக்க மாட்டோம். இனம் வாரியாதான் வைப்போம். யார் பிடிச்சாலும் ஒரே இன வண்டு ஒரே பெட்டிக்குத்தான் போகும்."

"அப்போ அந்த ஸ்டேஷன்காரர் வண்டு பக்கத்துல என் வண்டு படுக்கணுமா?"

"நானே அவங்க பையன் பக்கத்துலதான் இருக்கேன். ஒண்ணும் ஆகலியே."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

பூச்சி அறை அருங்காட்சியகத்தின் பின்கட்டில், முதல் மாடியில் இருந்தது. வடக்கு பார்த்த மூன்று ஜன்னல்கள், கூரை உயரத்துக்கு மர அலமாரிகள், ஒவ்வொன்றிலும் கண்ணாடி மூடிய இருபது இழுப்பறைகள். புதிதாக வரும் பெட்டிகளை முதலில் ஒரு வாரம் குளிர்பெட்டியில் போட்டு வைப்பாள். இல்லாவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் சின்னப் புழுக்கள் அறையிலுள்ள அத்தனையையும் மாவாக்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு வண்டாக எடுத்து, ஊசியில் தொங்கும் சீட்டைப் படித்து, ஏட்டில் பதிந்து, இடம் பார்த்துக் குத்துவாள். அப்பாவின் ஊசிகள் எல்லாம் ஒரே உயரம். மாமாவின் ஊசிகள் மழைக்கு ஒதுங்கியவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அப்பா சொன்னது பொய். மாமா தேதி மட்டுமல்ல, எத்தனை மணி வண்டி போனபிறகு பிடித்தது என்றுகூட எழுதியிருந்தார்.

இடம் போதவில்லை. அலமாரியின் அடித்தட்டில் "பிரிக்க வேண்டியவை" என்று சீட்டு ஒட்டிய பழைய பெட்டிகள் கிடந்தன. அவளுக்கு முன்பிருந்த காப்பாளரும் பிரிக்கவில்லை, அவருக்கு முன்பிருந்தவரும் பிரிக்கவில்லை. அவற்றை ஒழித்தால் இடம் கிடைக்கும் என்று ஒன்றை இழுத்து மேசைமேல் வைத்தாள். மூடிக்குள் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. தேதி நூற்றுப் பத்து வருடங்களுக்கு முந்தையது. "என் கணவர் நில அளவைக்காரர். சாலை அளக்கப் போன இடங்களில் இவற்றைச் சேர்த்தார். இவை எதற்கென்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளவும்."

அளப்பவர் என்பது பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. வரிசைகள் நூல் பிடித்தாற்போல ஓடின. நான்காவது வரிசையில் ஓர் ஊசியில் மட்டும் மேலும் கீழுமாக இரண்டு அட்டைத் துண்டுகள் இருந்தன. மேல் அட்டையில் ஒட்டியிருந்தது பழுப்பு வண்டு, நெடுங்கொம்பு. கீழ் அட்டையில் கறுப்பு வண்டு, முதுகில் இரண்டு மஞ்சள் பட்டைகள்.

பட்டு உருப்பெருக்கியைத் தேடினாள். அது கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சீட்டில் எறும்பு எழுத்தில் எழுதியிருந்தது: "பகல் பதினொரு மணி. ஏழாவது மைல்கல். வெட்டிய மரத்தின்மேல். ஆணும் பெண்ணும் கூடியிருந்தபோது எடுத்தது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் வண்டு ஆண். அப்பாவின் வண்டு பெண். இரண்டும் ஒரே இனம்! எழுந்து இரண்டு சேகரிப்புகளையும் புரட்டிப் பார்த்தாள். மாமாவிடம் இருந்த ஒன்பதும் ஆண். வெளிச்சத்துக்கு வருவது ஆண்கள் மட்டும்தான். அப்பாவிடம் இருந்த ஏழும் பெண். பகலில் முட்டையிட வெட்டுமரம் தேடி வந்தவை. ராத்திரிக்காரருக்குப் பெண் கிடைக்கவில்லை, பகல்காரருக்கு ஆண் சிக்கவில்லை. கூடியிருக்கும் அரைமணி நேரத்தில் அந்த மைல்கல் பக்கம் போக இருவருக்குமே வாய்க்கவில்லை. யாரோ ஒரு நில அளவைக்காரருக்கு வாய்த்தது. அவர் கட்டுரை எழுதவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரே ஊசியில் குத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகுதான் அடுத்தது என்ன என்று உறைத்தது.

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. முதலில் வெளிவந்த பெயர்தான் நிற்கும். ஆனால் அந்தப் பயந்த மருந்துக் கடைக்காரர் இரண்டையும் ஒரே நாளில் வெளியிட்டிருந்தார். அப்படி நேர்ந்தால் அதற்கும் விதி உண்டு: இரண்டும் ஒன்றே என்று முதலில் கண்டு அச்சில் சொல்கிறவர் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான் நிலைக்கும். கண்டது அவள். ஆக, அப்பாவா மாமனாரா என்று அவள் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

மறுநாள் அருங்காட்சியகத் தலைவியிடம் போனாள். அவர் மீன் ஆராய்ச்சிக்காரர். அவர் அறையில் எப்போதும் சாராயக் குப்பிகளில் மீன்கள் மிதந்துகொண்டிருக்கும்.

"மேடம், இதை நீங்க எழுதிடுங்களேன். எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம்."

"நான் மீன்காரி. வண்டுல கை வச்சா ஊரே சிரிக்கும்" என்றார் தலைவி. "கண்டுபிடிச்சது நீதானே? காரணத்தோட எழுது. காரணம் சரியா இருந்தா சொந்தம் எங்க வருது?"

காரணம் தேடத்தான் ஒரு வாரம் ஆனது. உண்மையைச் சொன்னால், அப்பா பக்கம் ஒரு காரணம் கிடைக்குமா என்றுதான் அவள் அதிகம் தேடினாள். கிடைக்கவில்லை. இந்த வண்டுக்கு நெருங்கிய உறவு இனங்கள் மூன்று இருந்தன. அவற்றின் பெண்களும் கறுப்பு, மஞ்சள் பட்டை. பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. ஆணின் கொம்பில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஆணின்மேல் வைத்த பெயரைத் தேர்ந்தெடுத்தால் நாளைக்கு யாருக்கும் குழப்பம் வராது. மாமா வைத்த பெயர்தான் நிற்கவேண்டும். அப்படியே எழுதி அச்சுக்கு அனுப்பினாள்.

"எங்கப்பாகிட்ட சொல்றது சுலபம்" என்றான் கணவன், விடைத்தாள் திருத்திக்கொண்டே. "உங்கப்பாகிட்ட சொல்லும்போது மட்டும் பக்கத்துல பல் பிடுங்குற குறடு இல்லாம பார்த்துக்க."

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு, படங்களை மேசைமேல் பரப்பினாள். நில அளவைக்காரரின் ஊசி, ஆண், பெண், சீட்டு. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அப்பா படத்தைக் கையிலெடுத்து ஜன்னல் பக்கம் போனார்.

அம்மாதான் முதலில் சிரித்தது. "அப்போ முப்பது வருஷமா புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வச்சுக்கிட்டா சண்டை போட்டீங்க?"

அத்தைக்குப் புரையேறிவிட்டது.

அப்பா திரும்பினார். "பேரு?"

பட்டு சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். கொம்பின் மூன்றாவது கணுவைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது.

"கல்யாணம் ஆனதும் பொண்ணுங்க மாமனார் கட்சின்னு சொல்வாங்க. வண்டு விஷயத்துலயுமா?" என்றார் அப்பா. விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது விளையாட்டு இல்லை. படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளினிக் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது.

மாமா வெற்றிக் களிப்பில் ஏதாவது சொல்லித் தொலைப்பாரோ என்று பட்டு பயந்தாள். அவரோ தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாம கிளம்பலாம்" என்றார்.

மூன்று வாரம் அப்பா பேசவில்லை. அவள் கூப்பிட்டால் அம்மா எடுத்து, "இருக்கார். செடிக்குத் தண்ணி ஊத்துறார்" என்பாள். அந்தத் தண்ணீரில் ஒரு ஏரியே நிரம்பியிருக்கும். பட்டுவுக்குச் சோறு இறங்கத்தான் செய்தது, தூக்கமும் வந்தது. ஆனால் அப்பாவின் வண்டுகள் இருக்கும் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கை தயங்கியது. எழுதியது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சரியாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

நடுவில் மாமா ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏம்மா, உங்கப்பா சமாதானம் ஆயிட்டாரா?"

"இல்ல மாமா."

"நான் வேணா விட்டுக் கொடுக்கட்டுமா?"

"அதெல்லாம் நீங்க விட்டுக் கொடுக்க முடியாது மாமா. விதி அப்படி."

"விதியா..." என்று இழுத்தார். "அந்த மனுஷன்கூட சண்டை போடாம ஞாயித்துக்கிழமை நகரவே மாட்டேங்குதும்மா. அத்தை என்னைத் தேங்காய் துருவச் சொல்றா."

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை, பகலில், அப்பா அருங்காட்சியகத்துக்கு வந்தார். பின்கட்டு வழியாக வராமல் முன்வாசலில் வரிசையில் நின்று, பள்ளிப் பிள்ளைகளோடு திமிங்கல எலும்புக்கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மாடிக்கு வந்தார். அது அவருடைய ரோஷம்.

"அந்த ஜோடியைப் பார்க்கணும்" என்றார்.

பட்டு பெட்டியை எடுத்து வைத்து, விளக்கைத் திருப்பி, தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவர் பாக்கெட்டிலிருந்து தன் சொந்த உருப்பெருக்கியை எடுத்தார். ஊசியைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கால் எல்லாம் எவ்வளவு சுத்தமா விரிச்சிருக்கான் பாரு. எதை வச்சுப் பண்ணியிருப்பான்?"

"தெரியலப்பா. அவர் வீட்டம்மா எழுதின கடிதம் ஒண்ணுதான் இருக்கு."

கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அவருக்குத் தெரிந்திருந்ததுன்னு எழுதியிருக்கா. ஒரு வரி. நான் முப்பது பக்கம் எழுதினேன், எனக்குத் தெரியல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஸ்டேஷன்காரர் கூட்டத்துல அந்தப் பழுப்பு வண்டைக் காட்டினப்போ நான் திரும்பிக்கூட பார்க்கலம்மா. பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் கழுத்துகிட்ட ஒரே முள்ளு. இப்போ பளிச்சுனு தெரியுது."

பட்டு விளக்கை அந்த முள்ளின் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"சரி, என் பேரு என்ன ஆகும்? அழிச்சிடுவாங்களா?"

"அழிக்கவே மாட்டாங்கப்பா. மாமா பேருக்குக் கீழ, ஒரு வரி உள்ள தள்ளி எழுதுவாங்க. இந்த வண்டைப் பத்தி யார் எழுதினாலும் அந்த வரியையும் எழுதியே ஆகணும். உங்க வண்டும் இங்கயேதான் இருக்கும், இதோ." அப்பாவின் முதல் வண்டைக் காட்டினாள். அதன் ஊசியில் அவள் சிவப்பு விளிம்புச் சீட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். ஒரு பெயருக்கு ஆதாரமான வண்டுக்கு மட்டுமே போடும் சீட்டு அது.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு பக்கத்தில், ஊசி சாய்ந்து நின்ற மாமாவின் ஆண் வண்டைப் பார்த்தார். அதற்கும் சிவப்பு விளிம்பு.

"அவர் ஊசியை மட்டும் நிமிர்த்தி வைக்கக் கூடாதா? பார்க்கவே கழுத்து வலிக்குது."

"ஆதாரத்தைத் தொடக்கூடாதுப்பா."

"ஹூம்" என்றார். கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "அந்த ஏழாவது மைல்கல் எங்க இருக்கு?"

அதைக் கண்டுபிடிக்கப் பழைய சாலை வரைபடங்களை இரண்டு நாள் புரட்டினார்கள். கல் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு மரக்கடை இருந்தது. அடுத்த ஞாயிறு போவதென்று முடிவானது. "மாமாவையும் கூப்பிடலாமா?" என்று பட்டு மெல்லக் கேட்டாள்.

"வரச் சொல்லு. ஆண் வண்டைப் பார்த்தா அடையாளம் காட்ட ஆள் வேணாமா?"

மாமா பேருந்து நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றிருந்தார். பார்த்ததும் இருவரும், "வாங்க சம்பந்தி," "சௌக்கியமா" என்று கல்யாண வீட்டில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்கள். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் வலைக்குக் கைப்பிடி மூங்கிலில் இருக்கலாமா, அலுமினியத்திலா என்று சண்டை ஆரம்பித்தது. பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்று நன்றாக வந்தது.

மரக்கடைக்காரர் நல்ல மாதிரி. "பூச்சி தேடவா? தாராளமா. எடுத்துட்டுப் போனா எனக்கு லாபம்" என்றார். வெளியே அடுக்கியிருந்த கட்டைகளைச் சுற்றி மூவரும் நடந்தார்கள். பத்தேகால் வரை ஒன்றுமில்லை. மாமா ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனார்.

"அசையாதீங்க" என்றார் அப்பா.

மாமாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, புதிதாக அறுத்த கட்டையின் பட்டையில், கறுப்பாக ஒன்று ஊர்ந்தது. இரண்டு மஞ்சள் பட்டைகள். அது ஒரு விரிசலைக் கொம்பால் தட்டிப் பார்த்தது, திரும்பியது, பின்பகுதியை விரிசலுக்குள் இறக்கியது.

"பிடிங்க சம்பந்தி!" என்று மாமா கிசுகிசுத்தார்.

அப்பாவின் கையில் குப்பி திறந்தே இருந்தது. "முட்டை வச்சு முடிக்கட்டும்" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டு விரிசல் விரிசலாகப் போய் முட்டை வைத்தது. இரண்டு பெரியவர்களும் குந்தி உட்கார்ந்து, மூச்சுக்கூட அளந்து விட்டுக்கொண்டு எண்ணினார்கள். அப்பா பதினேழு என்றார். மாமா பதினெட்டு என்றார். பட்டு சரியாகத்தான் எண்ணியிருந்தாள், சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வண்டு கட்டையின் உச்சிக்கு ஏறி, இறக்கையை விரித்து, சாலைக்கு அந்தப்பக்கம் பறந்துபோனது. யாரும் வலையைத் தூக்கவில்லை.

"இப்போ ஆதாரம்?" என்றார் மாமா.

"கட்டையே ஆதாரம். உள்ள ஆணும் பெண்ணும் சேர்ந்தே வளரும்" என்றார் அப்பா. "உங்க வீட்டு பால்கனியில கூண்டு கட்டி வைப்போம். எங்க வீட்ல விடமாட்டா."

"எங்க வீட்ல மட்டும் விடுவாளா?"

"நீங்கதான் தேங்காய் துருவறீங்களாமே. தைரியமா கேளுங்க."

மாமா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பட்டு வலையைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

மரக்கடைக்காரர் அந்தக் கட்டையைச் சும்மாவே கொடுத்தார். அதைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல இருவருமாகத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள். கண்டக்டர் வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். "என்ன சார் இது?"

"பிரசவ வார்டு" என்றார் மாமா.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார் அப்பா.